மன்னித்த பிறகும் வலிக்கிறதே: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மிக நெருங்கியவர்களால் உண்டான மனக்காயங்களைப் பற்றியவை. அவற்றில் நான்கை மட்டும், எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுவதும் நான்தான் கவனித்துக்கொண்டேன். அவர்கள் இறந்து நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு உறவினர்கள் கூடியிருந்தபோது, “நகைக்காகத்தானே பார்த்தாள்” என்று அண்ணி எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அண்ணன் மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுப் பத்திரமும் அவரிடமே இருக்கிறது. என் பங்கைப் பற்றிக் கேட்டால் சகோதர அன்பு இல்லாதவள் என்கிறார். இருவரையும் மன்னித்துவிட்டதாக ஜெபத்தில் பலமுறை சொல்லிவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அண்ணியைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறது. அன்று முழுவதும் சாப்பிட முடிவதில்லை. மன்னிக்காதவர் திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனையில்) பங்குபெறக் கூடாது என்று பிரசங்கத்தில் கேட்டதிலிருந்து திருவிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டேன். என் மன்னிப்பு பொய்யானதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மன்னிப்பு பொய்யானது அல்ல. வலி இன்னும் இருக்கிறது என்பதையே மன்னிக்கவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் சபைகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆதியாகமத்தில் யோசேப்பின் சரித்திரத்தை, வயதுகளையும் கண்ணீரையும் கவனித்துக்கொண்டே ஒருமுறை வாசியுங்கள். பதினேழு வயதில் அவனுடைய அண்ணன்மார் அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். முப்பதாவது வயதில் பார்வோனுக்கு முன்பாக நின்றான். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தனக்குப் பிறந்த மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டு, தன் வருத்தத்தையும் தன் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்று சாட்சியும் சொன்னான். அந்தச் சாட்சி உண்மையானதுதான். ஆனால் பஞ்சத்தின் தொடக்கத்தில் அதே அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றபோது, மறந்துவிட்டதாகச் சொன்ன அந்த மனிதன் அவர்களை விட்டு அப்புறம் போய் அழுதான். எந்த நேரத்தில் அழுதான் என்பதைப் பாருங்கள். அவனுக்கு எபிரெயு மொழி தெரியாது என்று எண்ணி, நடுவில் துபாஷி (மொழிபெயர்ப்பவன்) நிற்க, தம்பி கெஞ்சிய வேளையில் அவனுடைய மனவேதனையைக் கண்டும் நாம் கேளாமற்போனோமே என்று அவர்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டதைக் கேட்ட நேரத்தில்தான். தனக்கு நேர்ந்தது அநியாயம் என்பதை அதைச் செய்தவர்களின் வாயிலிருந்தே அவன் கேட்டது அப்போதுதான். நடுவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கடந்துபோயிருந்தன.

அதன் பிறகும் அவன் உடனே தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை என்பதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சிமியோனைக் காவலில் வைத்தான். பென்யமீனைக் கொண்டுவரச் சொன்னான். வெள்ளிப் பாத்திரத்தைச் சாக்கில் வைத்துச் சோதித்தான். தன்னை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்து நின்றபோதுதான் யோசேப்பினால் அடக்கிக்கொள்ள முடியாமல் போயிற்று. பழிவாங்கும் எண்ணத்தை அவன் அதற்கு முன்பே விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பணத்தைச் சாக்குகளிலேயே திருப்பி வைத்து, வழிக்கு ஆகாரமும் கொடுத்து அனுப்பியிருக்கமாட்டான். ஆனால் அவர்களைத் தழுவிக்கொள்வதற்கு அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று அறிய வேண்டியிருந்தது. மன்னிப்பு வேறு, ஒப்புரவாகுதல், அதாவது மறுபடியும் உறவில் சேருவது, வேறு. முன்னது உங்களுக்கும் தேவனுக்கும் இடையில் நடக்கக்கூடியது. பின்னதற்கு அண்ணனும் அண்ணியும் வர வேண்டும். அவர்கள் இன்னும் வரவில்லை என்பதற்காக உங்கள் பங்கு குறைவுபட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஒப்புரவாகி, யாக்கோபு எகிப்தில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து மரித்த பிறகு, யோசேப்பு இனிமேல் பழிவாங்குவானோ என்று பயந்து அந்த அண்ணன்மார் ஆள் அனுப்பினார்கள். அப்போதும் யோசேப்பு அழுதான். அதை அவனுடைய அவிசுவாசம் என்று எந்த வேதபாடத்திலும் நாம் கற்பிப்பதில்லை. ஆகவே ஆலயத்தில் உங்கள் நெஞ்சு படபடப்பதையும் பாவம் என்று நீங்களே தீர்ப்பெழுதிக்கொள்ள வேண்டாம். ஊரார் முன்னிலையில் அவமானப்பட்ட உடம்பு அந்த முகத்தைக் கண்டால் அந்த நாளை நினைத்துக்கொள்ளும். அது உங்கள் சித்தத்தைக் கேட்டு நடப்பதல்ல.

நெருங்கியவர் தந்த காயம் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை 55ஆம் சங்கீதம் ஒளிக்காமல் சொல்லுகிறது: “என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்.” நிந்தித்தவன் தன் தோழன், தன்னோடு சேர்ந்து தேவாலயத்துக்குப் போனவன் என்று சங்கீதக்காரன் தொடர்ந்து சொல்லும்போது, உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவர் சொல்லுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சங்கீதத்தை உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளுங்கள். “மன்னித்தேன்” என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, அன்று என்ன பேசினார்கள், யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அண்ணன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், அம்மாவுக்குப் படுக்கைப்புண் வராமல் இரவில் எத்தனை முறை எழுந்து புரட்டிப் படுக்கவைத்தீர்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதைக் கர்த்தருடைய சமுகத்தில் வாய்விட்டு வாசியுங்கள். கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் கடனை ரத்துசெய்ய முடியாது. இயேசு மன்னிப்பைப் பற்றிச் சொன்ன உவமையிலும், ராஜா முதலில் கணக்குப் பார்த்தார் என்றே தொடங்குகிறது.

திருவிருந்தைப் பற்றி: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருகிறவரை நோக்கி. அதாவது, காயப்படுத்தியவர் எழுந்து போக வேண்டும். காயப்பட்டவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட அந்த வசனத்தைப் பயன்படுத்துவது தலைகீழான காரியம். பழிவாங்குவதைக் கர்த்தரிடம் விட்டுவிட்டேன், மீதியைச் செய்ய எனக்குப் பெலன் தாரும் என்று கேட்கும் மனதோடு நீங்கள் வருகிறீர்கள். அந்தப் பந்தி உங்களுக்குரியது. வருகிற திருவிருந்து ஞாயிறன்றே போய்ப் பங்குபெறுங்கள். மனம் தயங்கினால், அதற்கு முன் உங்கள் போதகரைத் தனியாகச் சந்தித்து, பிரசங்கம் உங்களுக்கு எப்படிக் கேட்டது என்பதைச் சொல்லுங்கள்.

இனி வீட்டுப் பத்திரம். பங்கைக் கேட்பது மன்னிப்புக்கு விரோதமானது அல்ல. அப்பாவும் அம்மாவும் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. உங்கள் மாவட்டம் 1956 வரையில் திருவிதாங்கூரோடும், அதன்பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அங்கே 1916இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் கால்பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே மகளுக்குக் கொடுத்தது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தப் பழைய சட்டம் 1951 முதலே நடப்பில் இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் போய்விட்டாலும், சீதனம் கொடுத்தாயிற்று, இனி என்ன பங்கு என்ற எண்ணம் பல வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லை. செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நின்று, எங்கள் தகப்பனுடைய சுதந்தரத்தில் (சொத்தில்) எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம்.

மத்தேயு 18 காட்டும் ஒழுங்கின்படி முதலில் அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். அண்ணி இல்லாத நேரமாக, பத்திரத்தைப் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொண்டு, “அன்றைக்கு நீங்கள் பேசாமல் நின்றதுதான் அண்ணா, எனக்கு வலித்தது” என்பதை மட்டும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் இரண்டு பெரியவர்களை, அதற்கும் கேட்காவிட்டால் சபையாரை அழையுங்கள். பத்திரக் காரியத்தில் வழக்கறிஞர் மூலம் கேட்க நேர்ந்தாலும் அதைக் கோபத்தோடு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்” என்று எழுதிய பவுல், கூடாமற்போகும் சமயங்களும் உண்டு என்று அறிந்தே அப்படி எழுதினார்.

கேள்வி: என் கணவர் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறார். வீட்டில் என்னையும் என் பெற்றோரையும் வாய்கூசும் வார்த்தைகளால் திட்டுகிறார். சில முறை அடித்தும் இருக்கிறார். பிறகு முழங்காலில் நின்று அழுது மன்னிப்புக் கேட்பார். சில வாரங்களில் மறுபடியும் அதேதான். இப்போது குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும், உடனே திரும்பிப் போ என்று சபை மூப்பர்கள் வற்புறுத்துகிறார்கள். போகாதிருப்பது பாவமா? (சென்னையிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: பாவம் அல்ல. இப்போது போக வேண்டாம்.

சவுல் தாவீதுக்கு ராஜா மட்டுமல்ல, மாமனாரும்கூட. சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருந்த தாவீதின்மேல் அவன் ஈட்டியை எறிந்தான். தாவீது விலகி ஓடினான். எங்கேதியின் கெபியில் (குகையில்) சவுலைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு அவனைத் தப்பவிட்டபோது, சவுல் சத்தமிட்டு அழுது, நீ என்னிலும் நீதிமான் என்றான். அந்தக் கண்ணீர் பொய்யென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓர் அதிகாரம் தாண்டினால், அதே சவுல் அதே மூவாயிரம் பேரோடு மறுபடியும் தேடிவருகிறான். இந்த முறை தாவீது அவன் தலைமாட்டில் இருந்த ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, எதிரே தூரத்திலுள்ள மலையுச்சியில் போய் நின்று கூப்பிட்டான். பாவஞ்செய்தேன், என் குமாரனே திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யேன் என்று சவுல் கெஞ்சினான். தாவீது என்ன செய்தான்? ஈட்டி இதோ இருக்கிறது, வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான். தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பிறகு தன் வழியே போய்விட்டான். இரண்டு முறை உயிரைத் தப்பவிட்ட மனிதனை மன்னிக்காதவன் என்று யார் சொல்ல முடியும்? ஆனாலும் ஈட்டிக்கு எட்டும் தூரத்துக்கு அவன் திரும்பவில்லை.

பேதுரு ஏழு தரம் மட்டுமோ என்று கேட்டதற்கு இயேசு ஏழெழுபது தரம் என்று சொன்னது, இருதயத்தில் கடனைப் பிடித்துவைக்காதிருப்பதைப் பற்றி. அடிக்கிற கைக்கு முன்னால் குழந்தையோடு போய் நிற்பதைப் பற்றி அல்ல. உங்கள் மூப்பர்களிடம் 1 பேதுரு 3:7ஐயும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மனைவியைக் கனப்படுத்தாத கணவனுடைய ஜெபங்களுக்குத் தடை வரும் என்று அந்த வசனம் எச்சரிக்கிறது. அப்படியிருக்க, சபைக்கு முன் நின்று பாடல்களை நடத்தும் பொறுப்பில் அவரை வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும் பொறுப்பை உங்கள்மேல் மட்டும் சுமத்துவது அநீதி. “சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி” ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்களை எரேமியா கண்டித்தது இப்படிப்பட்ட மூப்பர்களுக்கும் பொருந்தும்.

திரும்பிப் போவதைப் பற்றிப் பின்னொரு நாள் யோசிக்கலாம். அதற்கு அவருடைய கண்ணீர் போதாது. செய்ததைச் சாட்சிகளுக்கு முன் ஒப்புக்கொண்டாரா, தகுதியுள்ள ஆலோசகரிடம் தவறாமல் போகிறாரா, கோபம் வரும்போது என்ன செய்கிறார் என்று மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். அதுவரையில் மருத்துவச் சீட்டுகளையும், திட்டி அனுப்பிய செய்திகளையும் பத்திரமாக வைத்திருங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடியை மட்டுமல்ல, வார்த்தையாலும் மனத்தாலும் பொருளாதாரத்தாலும் செய்யும் துன்புறுத்தலையும் வன்முறையாகவே கருதுகிறது. மாவட்டந்தோறும் அதற்கென்று பாதுகாப்பு அலுவலர் உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 1999இல் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை மன்னித்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்ன கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், சட்டம் தன் கடமையைச் செய்வதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

கேள்வி: எனக்கு இருபத்துநான்கு வயது. “உதவாக்கரை” என்ற வார்த்தையை அப்பாவிடம் கேட்காத நாள் சிறுவயதில் இல்லை. இப்போது வேலையில் இருக்கிறேன். மேலதிகாரி குரலை உயர்த்தினாலே கை நடுங்குகிறது, சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை. ஜெபத்தில் “பிதாவே” என்று தொடங்கினால் வார்த்தை வருவதில்லை. (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, அந்த வார்த்தை இப்போது வராவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். சங்கீதங்களில் மேய்ப்பர், கன்மலை, அடைக்கலம், நிழல் என்று கர்த்தரை அழைக்க எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்று ஏசாயாவில் அவரே சொல்லுகிறார். உங்களால் சொல்ல முடிந்த பெயரிலிருந்து தொடங்குங்கள். “என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்” என்று 27ஆம் சங்கீதம் பாடுகிறபோது, பெற்றோரால் கைவிடப்படுவது நடக்கக்கூடியது என்பதை வேதம் மறைக்கவில்லை. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்குக் கட்டளையும் இருக்கிறது. உங்கள் அப்பா அந்தக் கட்டளையை மீறினார். இதைச் சொல்வதால் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையை நீங்கள் மீறுவதாகாது.

கை நடுங்குவதற்கும் தூக்கம் வராததற்கும் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்ற எலியாவிடம் தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மருத்துவப் பிரிவை நடத்திவருகிறது. சிகிச்சையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று பகையென்று நம் முன்னோடிகள் நினைக்கவில்லை. உடனே பேச ஆள் வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே, இரவிலும் அழைக்கலாம். “போதும்” என்ற அந்த எலியாவின் எண்ணம் உங்களுக்கும் வருமானால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்; நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

அப்பாவிடம் இதைப் பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. இப்போதைக்கு அதைத் தள்ளிவைத்தாலும் தவறில்லை.

கேள்வி: என்னை வாழ்நாளெல்லாம் வேதனைப்படுத்திய மாமியார் சென்ற ஆண்டு இறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க அவரும் இல்லை, கொடுக்க நானும் எங்கே போவேன்? முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் அவரைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். (மதுரையிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: இறந்தவரோடு இனி ஒப்புரவாக முடியாது என்பது உண்மையான இழப்பு, அதற்காக நீங்கள் துக்கப்படலாம். ஆனால் மன்னிப்பதற்கு அவர் எதிரில் இருக்க வேண்டியதில்லை. அவர் இப்போது நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவரிடத்தில் இருக்கிறார். உங்கள் வழக்கையும் அந்த நியாயாதிபதியிடமே ஒப்புவித்துவிடலாம். ஒரே நாளில் முடியாது. நினைவு வரும்போதெல்லாம் ஒப்புவிக்க வேண்டியிருக்கும்.

ஆராதனையில் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டாம். சவுலுக்காகப் புலம்பிய தாவீது, அவனுடைய வீரத்தையும், அவன் இஸ்ரவேலின் பெண்களைச் செழிப்பாய் உடுத்துவித்ததையும் சொன்னான். தன்மேல் எறியப்பட்ட ஈட்டியை அங்கே நினைவூட்டவில்லை. அப்படி உண்மையான நன்மை ஏதாவது, அவர் பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததோ வயல் வேலையில் உழைத்ததோ, உங்களுக்கு நினைவிருந்தால் அதை மட்டும் இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம். அதுவும் முடியவில்லையென்றால், “நான் வேதபாடம் வாசிக்கிறேன், பேசுவதை வேறு யாராவது செய்யட்டும்” என்று கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 90ஆம் சங்கீதம் அந்த ஆராதனைக்குப் பொருத்தமாக இருக்கும்.